உமிப்புகையும் ஒன்பதாம் வகுப்பும்: புதுவயல் பக்கத்துப் பள்ளி ஒன்று காற்றை அளந்தால்

நிகழ்வு

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கிச் சாலையில் போனால் கண்டனூரை ஒட்டிப் புதுவயல். அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். நெல்லை அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு எரிபொருள் அதே நெல்லிலிருந்து வரும் உமி. ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி; அதை எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல். ஒரு பகுதி பாய்லர் அடுப்பிலேயே தங்கிவிடும். மிச்சம் புகைபோக்கி வழியே ஏறி, மொட்டைமாடியில் காயும் வடகத்தின் மேலும் கொடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டையின் மேலும் இறங்கும்.

இப்படிப்பட்ட ஊரின் பக்கத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் காற்றை அளக்கக் கிளம்பினால் எது கைகூடும், எது கூடாது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். மாணவர்கள் 24 பேர்: ஒன்பதாம் வகுப்பில் 16, பதினோராம் வகுப்பில் 8. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுத்தேர்வு இருப்பதால் அவர்களை இழுக்க வேண்டாம். இயற்பியல் ஆசிரியர் ஒருவர், உயிரியல் ஆசிரியர் ஒருவர். கருவிகள் ஆறு. காலம் ஜூன் முதல் பிப்ரவரி வரை. இவை திட்ட அளவுகள். கணக்கு விளங்குவதற்காக வைத்த எண்களை அந்தந்த இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறோம்.

கருவியால் பதில் சொல்ல முடிகிற கேள்வி

வகுப்பில் முதலில் எழும் கேள்வி, "சார், நம்ம ஊர்க் காத்து நல்லதா கெட்டதா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு இந்தத் திட்டத்தில் விடை கிடையாது. முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும்.

காரணம் இது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தரப்படி பி.எம். 2.5, அதாவது இரண்டரை மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத நுண்துகளுக்கு, 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 24 மணிக்கு 15, ஆண்டுக்கு 5. இந்த வரம்புகளோடு ஒப்பிட வேண்டுமானால் தரம் சரிபார்க்கப்பட்ட கருவி வேண்டும். பள்ளிக்குக் கட்டுப்படியாகும் லேசர் சென்சாரின் தயாரிப்பாளரே, 0 முதல் 100 வரையிலான அளவில் ஒரு சென்சாருக்கும் இன்னொன்றுக்கும் 10 மைக்ரோகிராம் வரை வேறுபாடு வரலாம் என்று தகவல் தாளில் ஒப்புக்கொள்கிறார். 55 என்று காட்டினால் அது 45ஆகவும் இருக்கலாம், 65ஆகவும் இருக்கலாம். வரம்பு அந்த இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காற்றுத் தரக் குறியீட்டு எண் கதையும் இதுதான். அதற்குக் குறைந்தது மூன்று மாசுபொருள்களின் அளவு வேண்டும், ஒரு நாளில் 16 மணி நேரத் தரவாவது வேண்டும். ஒரு சென்சார் காட்டும் ஒரு மணி நேர எண்ணுக்குப் பச்சை, சிவப்பு வண்ணம் பூசி வாட்ஸ்அப்பில் அனுப்புவது கணக்கில் சேராது.

எடைபார்த்து அளக்கலாமே என்று வேதியியல் ஆய்வகத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. மணிக்கு ஒரு கன மீட்டர் காற்றை இழுக்கும் பம்பில் வடிதாளை மாட்டி ஒரு நாள் முழுதும் ஓட்டினால், காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால்கூடத் தாளில் சேர்வது 1.44 மில்லிகிராம். பள்ளித் தராசு காட்டும் மிகச் சிறிய அளவு 10 மில்லிகிராம். அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

இந்தக் கருவிகள் நன்றாகச் செய்கிற வேலை ஒப்பீடு. அதனால் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும்: "ஆலைப் பக்கமிருந்து காற்று வீசும் மணிகளில், வீசாத மணிகளைவிட நுண்துகள் கூடுகிறதா? கூடினால் எவ்வளவு?" இதற்குச் செட்டிநாட்டின் பருவக்காற்றே துணைக்கு வருகிறது. ஆடி, ஆவணியில் காற்று தென்மேற்கிலிருந்து. ஐப்பசி கடைசிக்குள் வடகிழக்குக்குத் திரும்பிவிடும். ஆலைத் தொகுதிக்கு மேற்கே ஒரு கருவி, கிழக்கே ஒரு கருவி என்று வைத்துவிட்டால், ஆகஸ்டில் புகையை வாங்குவது கிழக்குக் கருவி, நவம்பரில் மேற்குக் கருவி. இரண்டு பருவத்திலும் ஒரே கருவிதான் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் கோளாறு ஆலையில் இல்லை. அந்தக் கருவியில் இருக்கிறது, அல்லது அதன் பக்கத்து வீட்டு விறகடுப்பில் இருக்கிறது. காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்தச் சரிபார்ப்பை விட்டுவிட்டு ஒரே மாதத்தில் அளந்து முடிப்பவர்கள் பாதி விடையோடு திரும்புகிறார்கள். ஒரு பருவத்துக்குள் கட்டுரை கேட்கும் போட்டிகள் இந்த விஷயத்தில் பெரிய தொல்லை. போட்டிக்கு இடைக்கால அறிக்கை கொடுக்கலாம், ஆய்வை அங்கே முடித்துவிடக் கூடாது.

கருவி

ஒவ்வொரு கருவிக்கும் வேண்டியவை: பி.எம்.எஸ். 5003 லேசர் சென்சார் (துகளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு அளப்பது), இ.எஸ்.பி. 32 பலகை (நிரலை ஓட்டும் சிறு கணினிப் பலகை), வெப்பமும் ஈரப்பதமும் அறிய பி.எம்.இ. 280, நேரத்துக்கு டி.எஸ். 3231 கடிகாரப் பலகை, மெமரி கார்டு மாட்டும் பலகை, 5 வோல்ட் 2 ஆம்பியர் செல்போன் சார்ஜர், 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க், நாலு அங்குல பி.வி.சி. குழாய் 25 செ.மீ. நீளம், அதற்கு மேல்மூடி, துருப்பிடிக்காத கம்பி வலை, கேபிள் டை. விலை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கருவிக்குச் சுமார் 3,000 முதல் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசுத் திட்டத்தில் அமையும் அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளி என்றால் இதில் பாதிப் பொருள் அலமாரியிலேயே இருக்கும்.

சென்சாரின் விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும், ஆனால் அதன் தகவல் கம்பி 3.3 வோல்டில் பேசுவது. இ.எஸ்.பி. 32உம் 3.3 வோல்ட் என்பதால் நேராக இணைக்கலாம். பழைய ஆர்டுயினோ யூனோ பலகையைப் பயன்படுத்தினால், அது அனுப்பும் 5 வோல்ட் சமிக்ஞையை நேராகக் கொடுக்கக் கூடாது. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் சென்சார் 32 பைட் தொகுப்புகளாக அனுப்பும். முதல் இரண்டு பைட்டும் தசம எண்ணில் 66, 77. முதல் 30 பைட்டுகளின் கூட்டுத்தொகையே கடைசி இரண்டு பைட்டில் வரும். கூட்டுத்தொகை பொருந்தாத தொகுப்பைத் தூக்கி எறிய வேண்டும். எறியாவிட்டால் நடுராத்திரியில் 17,000 மைக்ரோகிராம் என்று ஒரு வரி வந்து நிற்கும், அதற்கும் யாராவது ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்.

நொடிக்கு நொடி சேமிக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடச் சராசரியாக எழுதினால் நாளுக்கு 1,440 வரிகள், மாதத்துக்கு மூன்று மெகாபைட்டுக்கும் குறைவு. வைஃபை வேண்டாம். ஆலைச் சுற்றுப்புறத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும், அதைச் சரிசெய்வதிலேயே மாணவர் நேரம் போய்விடும். வாரம் ஒரு முறை கார்டைக் கழற்றிப் பள்ளி ஹைடெக் லேப் கணினியில் ஏற்றினால் போதும். கார்டைக் கழற்றும் வெள்ளிக்கிழமை விசிறி சுற்றுகிறதா, வலை அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

குழாயைச் செங்குத்தாக நிறுத்தி மேலே மூட வேண்டும், கீழே வலை. சென்சாரின் காற்று நுழைவாயும் வெளிவாயும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதால், இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் விட்ட காற்றையே மறுபடி இழுக்கும். வலைக்குக் கொசுவலைத் துணி வேண்டாம், பஞ்சு பிடித்து ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். கண்ணி ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கம்பி வலை நல்லது. வெளியே வெள்ளைப் பெயின்ட். சித்திரை வெயிலில் கறுப்புக் குழாய் சென்சாரை அவித்துவிடும்.

எங்கே வைப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படி காற்று இழுக்கும் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மரத்திலிருந்து 20 மீட்டர் விலகியிருக்க வேண்டும். பக்கத்துத் தடுப்பு கருவியைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரம் வேண்டும். நான்கு திசையில் குறைந்தது மூன்று திறந்திருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டு மொட்டைமாடியில் ஒன்றரை மீட்டர் ஜி.ஐ. குழாய் நட்டால் உயரம் சரியாக வந்துவிடும். அதே மாடியில் தண்ணீர்த் தொட்டியோ சமையலறைப் புகைக்கூண்டோ இருந்தால் வேறு வீடு பார்க்கணும்.

ஆறு கருவிகளில் இரண்டு, ஆலைத் தொகுதிக்கு மேற்கேயும் கிழக்கேயும் 300 முதல் 500 மீட்டர் தள்ளி. ஆலை மதிலை ஒட்டி வைக்கத் தோன்றும். வைத்தால் புகைபோக்கிப் புகை தலைக்கு மேலேயே போய்விடும், கருவிக்குக் கிடைப்பது உலர்களத்துத் தூசியும் லாரிப் புகையும்தான். மூன்றாவது பள்ளி மாடியில். நான்காவது விறகடுப்பு அதிகமுள்ள ஒரு தெருவில். ஐந்தாவது ஆலைகளிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் விலகிய அமைதியான வீதியில். பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் அப்படி இடம் கிடைக்கும். ஆறாவதை எங்கும் நிலையாக வைப்பதில்லை. அதற்குச் சாட்சிக் கருவி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இடத்துக்கும் போய், அங்கிருக்கும் கருவியின் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். எந்தக் கருவி பருவத்தின் நடுவில் தடம் மாறுகிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளின் மாடி வசதியாகத் தெரியும். உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், காவல்காரர் தலையாட்டுவார். அது அனுமதி ஆகாது. ஆள் குடியிருக்கும் வீடே நல்லது. மின்சாரம், படிக்கட்டு, கருவி விழுந்தால் தகவல் சொல்ல ஓர் ஆச்சி, மூன்றும் அங்கே கிடைக்கும். கருவிக்கு ஒரு நாளில் ஆகும் மின்சாரம் 25 வாட்-மணிக்குள்தான், நாற்பது நாளுக்கு ஒரு யூனிட். இதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

ஒரே கம்பியில் ஆறும்

ஊருக்குள் கொண்டுபோகும் முன் ஆறு கருவிகளையும் பள்ளி மாடியில் ஒரே கம்பியில், ஒரு மீட்டர் அகலத்துக்குள், ஒரே உயரத்தில் கட்டி 14 நாள் ஓட்ட வேண்டும். ஜூலை இதற்கானது. ஜனவரியில் ஆய்வு முடிந்ததும் மறுபடி 14 நாள். இந்த இரண்டு பகுதியையும் தவிர்த்துவிட்ட ஆய்வில் இடங்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் ஊரின் வித்தியாசமா, சென்சாரின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு மணிக்கும் ஆறு கருவிகளின் இடைநிலை எண்ணை எடுத்து, அதைக் கிடை அச்சிலும் ஒரு கருவியின் எண்ணைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளி போட வேண்டும். கோடு நேராக இருந்து சாய்வு 1.15 என்று வந்தால் அந்தக் கருவியின் எண்களை 1.15ஆல் வகுத்துக்கொள்ளலாம். புள்ளிகள் சிதறிக் கிடந்தால் திருத்தம் பயன்படாது, சென்சாரை மாற்ற வேண்டும். சாய்வு ஜூலையில் 1.15, ஜனவரியில் 1.30 என்றால் சென்சார் தடம் மாறியிருக்கிறது. அந்தக் கருவியின் நவம்பர்த் தரவைச் சாட்சிக் கருவியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் ஒன்றின் பக்கத்தில் ஒரு கருவியையாவது இரண்டு வாரம் வைக்க அனுமதி கிடைத்தால் நல்லது. அமெரிக்காவில் இந்தச் சென்சாருக்குக் கண்டுபிடித்த ஈரப்பதத் திருத்தச் சமன்பாடு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், மாணவர்கள் அதை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அந்தச் சமன்பாடு அங்கத்திய காற்றில், அங்கத்திய துகள்களுக்குப் பொருத்தியது. உமிப்புகைக்கும் கருவேல விறகுப் புகைக்கும் அது பொருந்த வேண்டியதில்லை.

நோட்டும் கண்ணாடிச் சில்லும்

ஒன்பதாம் வகுப்பின் வேலை இதில்தான். சென்சார் எண் மட்டும் கொடுக்கும், காரணம் கொடுக்காது. நான்கு பேர் கொண்ட குழு காலை 8, மதியம் 1, மாலை 4:30 மணிக்கு நோட்டில் எழுத வேண்டியவை ஐந்து: கம்பத்தில் கட்டிய ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது (எட்டுத் திசையில் ஒன்று), எவ்வளவு விறைப்பாகப் பறக்கிறது, எந்தப் புகைபோக்கியில் புகை வருகிறது, என்ன வாடை, கரண்ட் இருக்கிறதா. ரிப்பன் கிழக்கே பறந்தால் காற்று மேற்குக் காற்று. இதைத் தலைகீழாக எழுதாத குழுவே இருக்காது என்பதால் நோட்டின் முதல் பக்கத்தில் படம் போட்டு ஒட்டிவிடுவது நல்லது. நோட்டு எழுதும் குழு அந்த வாரம் கருவியின் எண்ணைப் பார்க்கக் கூடாது. எண் கூடியிருப்பது தெரிந்துவிட்டால் கண்ணுக்குப் புகை தானாகத் தெரியும்.

அடுத்தது சில்லு. நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லில் வாஸலினை மிக மெல்லிசாகத் தடவி, கருவியின் பக்கத்தில் கிடைமட்டமாக 24 மணி நேரம் வைத்து, பெட்ரி தட்டில் மூடிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சில்லைத் தடவி, மூடி, அங்கே திறக்காமலேயே கொண்டுபோய்த் திரும்பி வந்து எண்ண வேண்டும். அதற்கு வெற்றுச் சில்லு என்று பெயர், அதில் விழுந்த எண்ணிக்கையை மற்றதிலிருந்து கழிக்கணும். 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பத்து இடம் எண்ணினால் போதும்.

சில்லு ஏன் வேண்டும் என்பதில்தான் இந்த ஆய்வின் முடிச்சு இருக்கிறது. லேசர் சென்சார் 0.3 மைக்ரானிலிருந்து எண்ணத் தொடங்கும், ஆனால் இரண்டரை மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. அது பி.எம். 10 (பத்து மைக்ரான் வரையிலான துகள்) என்று காட்டும் எண், பெரும்பாலும் சிறு துகளை வைத்துப் போட்ட ஊகம். பேருந்து போனதும் எழும்பும் செம்மண் தூசி கண்ணை மறைக்கும், கருவியில் எண் அசையாது. சிராவயல் மஞ்சுவிரட்டுத் தொழுவில் கருவியை வைத்தாலும் நிலைமை இதுதான். அதே மாதிரி, வடகத்தில் விழும் உமிச்சாம்பல் செதில் கருவிக்குத் தெரியாது, பாய்லர் புகையின் நுண்துகள் தெரியும். ஊர்க்காரர்கள் புகார் சொல்வது செதிலைப் பற்றி, கருவி அளப்பது புகையை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் ஆலைக்காரர், "காத்து வீசுனப்பகூட ஒங்க மிஷின்ல ஒண்ணும் ஏறலையே தம்பி" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

சில்லில் செதிலை அடையாளம் காண்பது கடினமில்லை. உமியின் மேல்தோலில் சிலிக்கா வரிசை வரிசையாகப் படிந்திருக்கும். எரிந்தபின்னும் அந்த வரிசை அழியாது, சோளக்கதிரில் மணி அடுக்கியதைப்போலப் புடைப்புகள் தெரியும். ஆலைச் சாம்பல் மேட்டுச் சாம்பல், செம்மண், விறகடுப்புக் கரி, ஆத்தங்குடித் தரை ஓடு செய்யும் இடத்துச் சிமென்ட் பொடி என நான்கு மாதிரிச் சில்லுகளை முதலில் செய்து, பெயர் ஒட்டி, அவற்றோடு ஒப்பிட்டு எண்ணலாம். ஒரே சில்லை இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது ஆள் எண்ணட்டும்.

சறுக்கும் இடங்கள்

கடிகாரம். இ.எஸ்.பி. 32க்குத் தனிக் கடிகாரம் இல்லாவிட்டால், கரண்ட் போய் வந்ததும் அதன் நேரம் 1970 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். டி.எஸ். 3231 அதைத் தடுக்கும், ஆனால் கடையில் கிடைக்கும் மலிவான பலகைகள் பலவற்றில் பட்டன் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. சி.ஆர். 2032 சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி இல்லை. ஏற்றினால் வீங்கும், ஒழுகும். அந்தச் சுற்றிலுள்ள டயோடை எடுத்துவிட வேண்டும், அல்லது சார்ஜ் ஏற்கும் எல்.ஐ.ஆர். 2032 போட வேண்டும். இன்னொன்று: நிரலில் உலக நேரமும் இந்திய நேரமும் கலந்துவிட்டால் ஐந்தரை மணி வித்தியாசம் வரும். இரவு ஏழு மணி அடுப்புப் புகை மதியம் ஒன்றரைக்கு வந்ததாக வரைபடம் காட்டும். முதல் நாளே கருவியின் பக்கத்தில் ஒரு ஊதுபத்தியைக் காட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டால் இது உடனே பிடிபடும்.

இரண்டு பி.எம். 2.5. சென்சார் ஒரே தொகுப்பில் இரண்டு வகையான பி.எம். 2.5 எண்களை அனுப்பும். ஒன்று தொழிற்சாலைச் சூழலுக்கான கணக்கு, மற்றது வெளிக்காற்றுக்கான கணக்கு. 30 வரை இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு மேல் பிரிந்து, அளவு மிகும்போது இரண்டாவது முதலாவதில் மூன்றில் இரண்டு பங்காக ஆகிவிடும். ஒரு குழு முதலாவதை எழுதி மற்றக் குழுக்கள் இரண்டாவதை எழுதினால், காற்று சுத்தமாக இருக்கும் நாளில் எல்லாம் சரியாக இருக்கும், புகை வந்த நாளில் மட்டும் ஒரு இடம் ஒன்றரை மடங்கு கெட்டுப்போனதாகத் தெரியும். ஜூலை ஒப்பீட்டில் காற்று சுத்தமாக இருந்துவிட்டால் அங்கேயும் இது மாட்டாது. ஆறு கருவிக்கும் ஒரே நிரல் கோப்பு, மேலே பதிப்பு எண், இது கட்டாயம்.

பனி. மார்கழி விடியலில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது துகள்கள் நீரேறி உப்பும், பனித்துளியையும் சென்சார் துகளாக எண்ணும். ஈரப்பதம் 85க்கு மேலுள்ள மணிகளை அழிக்கக் கூடாது. தனி நிறத்தில் குறித்து, அவற்றோடு ஒரு முறை, அவை இல்லாமல் ஒரு முறை கணக்குப் போட வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் நிம்மதி.

பூச்சி. சிலந்தி சென்சாருக்குள் வலை கட்டினால் எண் இரவும் பகலும் ஒரே உயரத்தில் நிற்கும். குளவி சென்சாரின் நுழைவாயில் மண் பூசினால் எண் படிப்படியாகச் சரிந்து பூஜ்யத்துக்குப் போகும். முன்னதை அதிக மாசு என்றும் பின்னதைச் சுத்தக் காற்று என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பவர் பேங்க். கருவி சுமார் 0.9 வாட் இழுத்தால் 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 30 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சென்சாரைத் தூங்கவைக்கும் நிரல் எழுதினால், மின்னோட்டம் குறைந்ததும் பவர் பேங்க் "வேலை முடிந்தது" என்று தானே அணைந்துவிடும். தூங்கவைக்காமல் ஓட்டுவது மேல்.

இந்தப் பவர் பேங்க் வசதிக்காக மட்டும் வைத்ததில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஆலையும் நிற்கும், சார்ஜரில் மட்டும் ஓடும் கருவியும் நிற்கும். அதாவது ஆலை ஓடாத மணிகளின் தரவுதான் குறிபார்த்துத் தொலைகிறது. ஆலை ஓடும்போது எப்படி, ஓடாதபோது எப்படி என்ற ஒப்பீட்டுக்கு அந்த நாள் பொன் போன்றது. சில இடங்களில் ஜெனரேட்டர் ஓடும். அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

இரவு. பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் புகை மேலே ஏறாமல் தரையோடு தங்கும், ஆறு கருவியும் சேர்ந்தே ஏறும். ஆலைகளுக்குத் தொலைவிலுள்ள ஐந்தாவது கருவியும் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் அந்த ஏற்றத்தை ஆலைக் கணக்கில் எழுதக் கூடாது.

கணக்கு

ஒரு மணி நேரத்தில் 45 நிமிடத் தரவாவது இருந்தால்தான் அந்த மணி கணக்கில் சேரும். காற்றுத் திசை நோட்டில் உள்ள மணிகளை மட்டும் எடுத்து, கிழக்குக் கருவி எண்ணிலிருந்து மேற்குக் கருவி எண்ணைக் கழிக்க வேண்டும். மழையும் பருவமும் இரண்டு கருவியையும் ஒன்றாகத் தொடுவதால் கழித்தலில் பெரும்பாலும் நீங்கிவிடும்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு. தென்மேற்குக் காற்று நாள்களில் கிழக்கு கழித்தல் மேற்கு இடைநிலையாக +9 என்றும், வடகிழக்குக் காற்று நாள்களில் −5 என்றும் வைத்துக்கொள்வோம். ஆலையின் பங்கு இரண்டு பருவத்திலும் ஒரே அளவென்றால் அது (9+5)/2 = 7 மைக்ரோகிராம். கருவிகளின் அல்லது இடங்களின் நிலையான பாகுபாடு (9−5)/2 = 2. ஆகஸ்டு மட்டும் அளந்திருந்தால் 9 முழுதும் ஆலை தலையில் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் ஆலை குறைவாக ஓடினால் இந்தக் கணக்கு ஆடும், அதற்குத்தான் புகைபோக்கி நோட்டு.

தற்செயலா என்று சோதிக்க, பதினோராம் வகுப்புக்கு நாணயம் போதும். தென்மேற்குக் காற்று நாள்கள் 20 இருந்து, அவற்றில் 15 நாள் கிழக்கு கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தை 20 முறை சுண்டினால் 15 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு நூற்றில் இரண்டுதான். வகுப்பையே சுண்டவைத்துப் பார்க்கலாம். ஆனால் அடுத்தடுத்த நாள்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நேற்றுப் புகை நின்ற வானிலை இன்றும் இருக்கும். 20 நாளை 20 தனிச் சாட்சியாக எண்ணுவது கொஞ்சம் தாராளம் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும்.

வளவுக்குள்

சாட்சிக் கருவிக்கு ஓய்வு கிடைக்கும் வாரத்தில், விருப்பமுள்ள ஒரு வீட்டில் செய்துபார்க்க ஒரு சின்ன வேலை. செட்டிநாட்டு வீட்டில் அடுப்படி பின்கட்டில், நடுவில் வானம் பார்த்த வளவு. விறகடுப்பு அணைந்த பிறகு புகை எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்று அளக்கலாம். வெளிக்காற்று அளவைக் கழித்த பின் எண் அரை மணியில் 200இலிருந்து 50க்கு இறங்கினால் (இதுவும் விளக்க எண்தான்), 4இன் இயல் மடக்கை 1.39, அரை மணியால் வகுத்தால் மணிக்கு 2.8. காற்றோட்டமும் சுவரில் படிதலும் சேர்ந்த வேகம் அது. முகப்புக் கதவையும் பின்கதவையும் திறந்து ஒரு முறை, அடைத்து ஒரு முறை செய்தால் அந்த நீண்ட கதவு வரிசை எதற்கு என்று தெரியும். மிளகாய் தாளிக்கும் நேரத்தில் எடுத்த எண்ணை மட்டும் சேர்க்க வேண்டாம். எண்ணெய்த் துளியைச் சென்சார் சரியாக மதிப்பிடாமல் போகலாம்.

ஆள், அனுமதி, ஊர்

பெற்றோரின் எழுத்துச் சம்மதம், தலைமையாசிரியர் கடிதம், மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத வீடு வேண்டாம், பாய்லர் அறைக்குள் மாணவர் நுழையக் கூடாது, இழுப்புள்ள பிள்ளைக்குக் கணினி வேலை. தீபாவளி இரவிலும் போகி விடியலிலும் கருவி தனியாக ஓடட்டும், பிள்ளைகள் அதன் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. வீடு வீடாக இருமல், இளைப்பு பற்றிக் கேட்கும் கணக்கெடுப்பு வேண்டாம். அது வேறு ஆய்வு, அதற்கு வேறு ஒழுங்குமுறை.

வகுப்பில் சிலருடைய அப்பா அதே ஆலையில் மூட்டை தூக்குபவராகவோ பாய்லர் பார்ப்பவராகவோ இருப்பார். அறிக்கையில் ஆலையின் பெயரோ வீட்டின் பெயரோ வரக் கூடாது. "ஆலைத் தொகுதி", "கிழக்கு இடம்" என்று இருந்தால் போதும். முடிவை ஊரில் சொல்லும் முன் ஆலைக்காரர்களிடம் காட்ட வேண்டும். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "ஐயா, நாங்க புகார் எழுத வரலைங்க. காத்து திரும்புறப்ப கணக்கு எப்படி மாறுதுன்னு பாத்திருக்கோம். எந்த நேரம் உமி போடுறீங்கன்னு சொன்னா எங்க கணக்கு இன்னும் சரியா வரும்." உமி போடும் நேரம் கிடைத்துவிட்டால் அது மாணவரின் நோட்டைவிட நல்ல தரவு.

இந்த எண்களை மட்டும் காட்டி யார்மீதும் குற்றத்தை நிறுவ முடியாது. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாரியத்தால் அதிகாரம் பெற்றவர் முறைப்படி எடுக்கும் மாதிரியைத்தான் சான்றாக ஏற்கிறது. பள்ளி செய்யக்கூடியது, எந்த மாதம், எந்தத் திசைக் காற்றில், எந்த மணிகளில் அளக்க வந்தால் விஷயம் தெரியும் என்று வாரியத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது. அதோடு செதில் எண்ணிக்கையைத் தனி அட்டவணையாக இணைக்கலாம். வடகத்தில் விழுவது அதுதான், அதைப் பிடிக்கப் புகைபோக்கிக்கு முன் சைக்ளோன் பிரிப்பான் (புகையைச் சுழலவிட்டுச் சாம்பலைப் பிரிப்பது) போன்ற கருவிகள் உண்டு.

பிப்ரவரியில் கருவிகளை அலமாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு குழாயின் மேலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: சென்சார் வாங்கிய மாதம், ஓடிய மணிகள், ஜூலைச் சாய்வு, ஜனவரிச் சாய்வு, நிரல் பதிப்பு எண். பவர் பேங்கைத் தனியே எடுத்துப் பாதி சார்ஜில் வைக்கணும். திருத்தாத மூலத் தரவு ஒரு பென் டிரைவிலும் திருத்திய தரவு இன்னொன்றிலும் இருக்கட்டும். நோட்டுகளின் பக்கங்களைப் படமெடுத்து மூலத் தரவோடு போட வேண்டும். அடுத்த ஜூனில் வரும் ஒன்பதாம் வகுப்பு அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எந்தச் சென்சாரை மாற்றுவது என்று முடிவு செய்யும்.